சாவடிக் கல்லில் ஒரு பெயர்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்ச் சாவடியில், தாயம் ஆடுபவர்கள் முதுகு சாய்க்கும் சுவரில் ஒரு கல் இருக்கிறது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து எழுத்தே மறைந்துபோயிருந்தது. சென்ற பொங்கலுக்கு இளைஞர்கள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து 9 பேர் மகா யுத்தத்துக்குச் சென்றனர், 1914–1919. அவர்களில் ஒருவர் உயிர் நீத்தார்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது; மகா யுத்தம் என்பது முதல் உலகப் போர். பெயர் இல்லை. வெள்ளைக்காரன் பல ஊர்களில் பதித்த இந்த மாதிரிக் கற்களில் தலைக்கணக்கு மட்டும்தான்.

அந்த ஒருவர் நம் பஸ்ரா தாத்தா. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து மெசபொடேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போனவர். டைகிரிஸ் ஆற்றில் பாலம் போடும் பட்டாளம். திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் அவர் வீட்டார் ஆடி அமாவாசையில் வேட்டி, துண்டு வைத்துப் படைக்கிறார்கள். ஈராக்கின் பஸ்ரா நகரில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் நினைவுச் சின்னம் எழுப்பியவர்கள்கூட, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையோடு முடித்துக்கொண்டார்கள்.

பெயர் கிடைத்தது அவர் வீட்டுச் சாமி அலமாரியில். உள்ளங்கையை நிறைக்கும் வெண்கல வில்லை; சூலம் ஏந்திய பெண், காலடியில் சிங்கம். மூன்று தலைமுறையாகக் காளி என்று நினைத்துக் குங்குமம் இட்டு வந்திருக்கிறார்கள். குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தால் அது பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டைப் பெண்ணாகக் காட்டும் உருவம்! போரில் மாண்டவர் வீட்டுக்கு அரசு அனுப்பிய வில்லை. அதில் பதவி பொறிப்பதில்லை. சிறு கட்டத்துக்குள் பெயர் மட்டும் புடைத்து நிற்கிறது. அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கமிட்டியின் இரண்டு கூட்டங்களில் சண்டை நடந்தது. எண்பது வயதைத் தாண்டிய தாத்தாவின் பேத்தி சொன்னதே முடிவு. குங்குமத்தையும் மறுபடி இட்டுவிட்டார்.

பழைய கல்லை அசைக்கப்போவதில்லை. அதன் கீழே கருங்கல் பலகை ஒன்று, அதில் அந்தப் பெயர். கல்லுக்கும் கொத்துவதற்கும் 68,000 ரூபாய். ஒழுகும் சாவடிக் கூரைக்கு 95,000. கையில் இருப்பது 41,500. இன்னும் 1,21,500 வேண்டும். சிலை வைக்கலாம் என்றார் ஒருவர். முகம் தெரியாதவருக்கு யார் முகத்தை வைப்பது?

இது தலைக்கட்டு வரி அல்ல, முடிந்ததைக் கொடுங்கள். மொய் போல நோட்டில் பெயரும் தொகையும் ஏறும், ரசீதும் உண்டு; திருப்பிச் செய்யும் கவலைதான் கிடையாது. வெளிச்சமே வராத அளவுக்கு டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதும் ஊர் நமது என்பதால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம்: கொடுப்பவர் பெயர் எதுவும் கல்லில் வராது, கமிட்டியார் பெயர் உட்பட.

சித்திரை முடிவதற்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வரும் ஆடி அமாவாசையன்று காலை கல் திறப்பு. தாத்தாவின் பெயரை இங்கே எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். அன்றைக்குச் சாவடியில் தாமே முதலில் வாசிக்க வேண்டும் என்று பேத்தி கேட்டுக்கொண்டார். மதியம் எல்லோருக்கும் படையல் சோறு.

இப்படிக்கு,
சாவடிக் கல் கமிட்டியார்
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்