லீவு நோட்டில் ‘மூட்டுவலி’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆலைகளின் லீவு நோட்டைப் புரட்டினால் ‘மூட்டுவலி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வியாதிகள் பதுங்கியிருக்கும். அவற்றைப் பிரிக்காமல் வருகைக் குறைவைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டாலும் பிடி கிடைக்காது.

காலையில் எழுந்ததும் கை எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அரை மணிக்குள் விட்டு, வேலை ஏற ஏற வலி கூடினால் பெரும்பாலும் தேய்மானம் அல்லது வேலைப்பளு. ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல், இரு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வியாதி) இருக்கலாம். மூட்டு மருத்துவரிடம் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்து, உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்தக்கூடும். அங்கே கருவியின் பிடியையும் மேசை உயரத்தையும் பாருங்கள். கையால் செய்யும் லேசான வேலைக்கு மேசை, முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். அழுத்திச் செய்யும் வேலைக்கு இன்னும் தாழ்வாக. எல்லோருக்கும் ஒரே உயர மேசை என்றால் குள்ளமானவருக்குத் தோள் போகும், நெட்டையானவருக்கு இடுப்பு போகும். குள்ளமானவர் நிற்க ஒரு பலகை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குக்கூட மனு எழுத வைக்கிறார்கள்.

முடக்குவாதத்துக்கு முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். லீவு குவிவது அப்போதுதான். ‘மருந்து சாப்பிட்டும் கேட்கலையே’ என்று சூப்பர்வைசர் கைகழுவுவதும் அப்போதுதான். விறைப்பு விடக் காலைப்பொழுது கழிய வேண்டும் என்பதால், அந்த மூன்று மாதமும் முதல் ஷிப்டிலிருந்து இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். இன்னொன்று: இந்த மருந்து வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. ஷிப்ட் குழப்பத்தில் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதிவிட வேண்டும்.

சாதாரண முதுகுப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுக்கை ஓய்வு உதவாது. இயன்றவரை நடமாடுவதே நல்லது. ஆனால் ‘முழுசா குணமானதும் வா’ என்று வாசலில் திருப்பி அனுப்பினால் ஒரு வார லீவு ஒரு மாதமாகிறது. மருத்துவச் சீட்டில் ‘ஓய்வு தேவை’ என்பதற்குப் பதில், எத்தனை கிலோ வரை தூக்கலாம், குனிந்து செய்யும் வேலை கூடுமா, எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆலை முதலுதவி அறைப் பணியாளர்கள்