அது பூரான் அல்ல, ரயில் பூச்சிக்குச் சொந்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த ராட்சதப் பூச்சிகள் கட்டுரையைப் பேரனோடு உட்கார்ந்து படித்தேன். எடுத்துக்கொண்ட பொருள் அருமை. ஆனால், ரயில் பூச்சிக்குச் சொந்தமான, எப்போதோ அழிந்துபோன ராட்சத உயிரினமான ஆர்த்ரோப்ளூராவை விஷக் கொடுக்கோடு பாய்ந்து வரும் பூரானாக வரைந்திருப்பது தவறு.

2018இல் இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்து கடற்கரையில், மேலிருந்து விழுந்து பிளந்த ஒரு பாறைக்குள் அதன் உடல் ஓடு தெரிந்தது. கிடைத்த துண்டே முக்கால் மீட்டர். முழு உடல் சுமார் 2.6 மீட்டர் நீளம், 50 கிலோ எடை இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பிரான்சில் கிடைத்த குஞ்சுகளின் புதைபடிவங்களை ஸ்கேன் செய்து, தலை எப்படி இருந்தது என்பதை 2024இல் வெளியிட்டார்கள். நண்டுக்கு இருப்பதுபோல் காம்பில் நிற்கும் கண்கள்! தலையில் பூரானின் சாயலும் உண்டு. விஷக் கொடுக்கு மட்டும் இல்லை. மக்கிய இலைதழைதான் அதன் தீனியாக இருந்திருக்கும் என்கிறார்கள்.

ஆக்சிஜன் அதிகம் இருந்ததால்தான் பெருத்தது என்ற வரியும் அரைகுறை. அந்த இங்கிலாந்துப் பாறைக்கு வயது சுமார் 32.6 கோடி ஆண்டு. காற்றில் ஆக்சிஜன் உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

படம்தானே என்று விட முடியவில்லை. எங்கள் குடியாத்தம் பக்கம் ஐப்பசி மழை விட்டால் போதும், வேப்பமரத்தடிச் சருகில் ரயில் பூச்சி ஊரும். தொட்டால் சுருண்டுகொள்ளும். கையில் எடுத்தால் விரலில் பழுப்புக் கறை படியும், கழுவினாலும் லேசில் போகாது. அது காறலான நீரை விட்டுத் தன்னைக் காத்துக்கொள்வது அவ்வளவுதான். கடிக்கத் தெரியாது. சருகைத் தின்று மண்ணுக்கு எருவாக்குகிற அந்த ஜீவன் மேல் பிள்ளைகள் உப்பைக் கொட்டுகிறார்கள், பெரியவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடி கால், ரயில் பூச்சிக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தே என் காலம் போனது.

வேலூர் மாவட்டத்துப் பாறைகள் பூச்சியினம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவானவை. இங்கே எந்தக் குன்றை உடைத்தாலும் இப்படிப் புதைபடிவம் கிடைக்காது. எங்கள் பிள்ளைகளுக்குப் படம்தான் கதி. அதனால் அடுத்த ஞாயிறே சரியான படத்தைப் போடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு பள்ளிப் பிள்ளையையும், ஒரு ரயில் பூச்சியையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
குடியாத்தம்.