மூடியைத் திறந்து வையுங்கள்: வாடகை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வீட்டு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர் பக்கம் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாதாள சாக்கடை வந்து சேராத தெருவில் செப்டிக் டேங்க் நிறைந்தால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசி அடைமழையில் எங்கள் வளவில் டேங்க் நிறைந்து, கீழ்வீட்டுக் கக்கூஸில் எதிர்த்துக்கொண்டு வந்தது. ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே டேங்க். ஓனருக்குப் போன் போட்டால், "பொழங்குறது நீங்கதான, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுத்துக்கிடுங்க" என்றார். சரியென்று லாரியைக் கூப்பிட்டால் மூடியைக் காணோம். பைக் நிறுத்துவதற்காக அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. உடைக்க ஓனர் சம்மதிக்க வேண்டும், அவரோ சென்னையில். வந்த லாரி அப்படியே திரும்பிப் போனது.

கீழ்வீட்டு ஆச்சிக்குச் சர்க்கரை. ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டும். மாடியேற முட்டி விடாது, நடுச்சாமத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சம். அதனால் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். மாத்திரையை ஒரு மிடறில் விழுங்குவார். உதடு காய்ந்து வெடித்திருக்கும். செம்பை நீட்டினால், "வேண்டாம்ளா" என்று கையை ஆட்டுவார். ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைக்காதவர் அவர்.

டேங்கை எடுப்பது உங்கள் பொறுப்பு, ஐயா. கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் கசடும் சேர்ந்து போய் மண்ணை அடைத்துவிடும். பிறகு எத்தனை லாரி வந்தாலும் சீக்கிரமே நிறைந்துவிடும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்துபோகும் எங்களுக்குக் கடைசியாக எப்போது எடுத்தது என்று எப்படித் தெரியும்?

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வடிகால் சுத்தம் குடியிருப்பவர் பொறுப்பு என்று இருப்பதைக் காட்டுகிறீர்கள். அங்கணத்தில் அடைத்த சோற்றுப் பருக்கையை எடுப்பது எங்கள் வேலைதான், மறுக்கவில்லை. ஐந்து வீட்டுக்கும் பொதுவாக, உங்கள் டைல்ஸுக்கு அடியில் கிடக்கும் டேங்க் எப்படி எங்கள் தலையில் விழும்? வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறீர்களே, அதில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கக் கூடாதா?

நெஞ்சு கொதிப்பது இன்னொன்றுக்காக. குழாய் எட்டாத சந்து என்றால், "ஆளை இறக்கி அள்ளச் சொல்லுங்க" என்று கூசாமல் சொல்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே நிற்கும் விஷவாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வீட்டுக்கு ஆள் திரும்ப வருவாரா? மலிவாகக் கிடைக்கிறது என்று உரிமம் இல்லாத லாரியைக் கூப்பிடுவதும் வேண்டாம். பாளையங்கால்வாயில் திறந்துவிட்டுப் போனால் அது நம் வயலுக்குத்தான் பாயும். 14420க்குப் போன் செய்தால் முறையான லாரி வரும்.

டேங்கை எடுக்கும் செலவை நீங்களே ஏற்க வேண்டும், கடைசியாக எடுத்த தேதியை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், மூடியை மறைக்கக் கூடாது. அடுத்த மழைக்கு முன், சித்திரை வெயிலிலேயே இதைச் செய்துதரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஓனர் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. கடைசியில் டைல்ஸை உடைத்துத்தான் எடுத்தோம். அந்த இடத்தில் இன்னும் வெறும் பலகைதான் கிடக்கிறது. வளவுப் பிள்ளைகள் ஓடியாடும் இடம். தயவுசெய்து இந்த வாரமே கொத்தனாரை அனுப்பி, திறந்து மூடும்படி ஒரு சிமெண்ட் மூடி போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒருத்தி