பெயர் தெரியாத நூலக அக்காவுக்கு

எங்கள் தெருமுனைப் பழைய நூலகத்தில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்த அக்காவுக்கு இந்த நன்றி. கட்டடத்துக்கு அப்போதே நூறு வயது என்பார்கள், எனக்கு ஒன்பது. உங்கள் பெயரைக் கேட்டுவைக்கத் தோன்றவில்லை.

பறவைப் புத்தகம் வேண்டும் என்றேன். எடுத்துத் தராமல், "598-னு போட்ட அலமாரிக்குப் போ" என்றீர்கள். அது 1876-இல் வெளிவந்த, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பு முறை என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு அது புதையல் வரைபடம். 520 வானியல், 598 பறவைகள். இன்றும் எந்த நூலகத்துக்குள் நுழைந்தாலும் கால் தானாக அங்கே போகிறது.

அந்தப் புத்தகத்தை மழையில் நனைத்துக் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். நீங்கள் திட்டவில்லை. சில பக்கங்களுக்கு ஒன்றாக மை ஒற்றும் தாளைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே விரித்து நிறுத்தினீர்கள். "வெயில்ல வைக்கக் கூடாதுடா, தாள் சுருண்டுடும்." அபராதம் கேட்டதாக நினைவில்லை. (கேட்டிருந்தால் அந்தப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டேன்.)

மீன்கொத்திப் படத்தில் மட்டும் அலைபோல ஒரு சுருக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அதே புத்தகத்தை ஏழெட்டு முறை எடுத்தேன். முத்திரை குத்தும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பீர்கள். அதற்கும் நன்றி, அக்கா.