கட்டட ஆய்வாளர்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கம்பி கட்டும் தொழிலாளி,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: கட்டுமானத்தைப் பார்வையிடும் ஆய்வாளர்களுக்குத் தேர்வும் சான்றும் கட்டாயமாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் 26 வருடமாகக் கம்பி கட்டி வருகிறேன். கான்கிரீட் போட்டுவிட்டால் என் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. போடுவதற்கு முன்னால் வந்து பார்ப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மனு.

எங்கள் பக்கம் உப்புக் காற்று. துருப் பிடித்த கம்பி ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடித்து உதிரும். கடற்காற்று நேராகப் படும் கட்டடத்தை, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்று தனியாகப் பிரித்து, குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. நான் வேலை பார்த்த பல இடங்களில் அதில் பாதி கவர்கூட இருந்ததில்லை. கவருக்கான கட்டை வைக்காமல், கம்பிக்கு அடியில் ஜல்லியை முட்டுக் கொடுத்து கான்கிரீட் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாடி வீட்டு வேலை. தூணின் தலையிலும் காலிலும் ரிங்கை (நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கிக் கட்ட வேண்டும், நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் முறைக்கான தரநிலை ஐ.எஸ். 13920 சொல்வது அதுதான். மேஸ்திரி கம்பியை மிச்சம் பிடிக்க இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னார். பார்வையிட வந்தவர் பக்கவாட்டு இடத்தை டேப் வைத்து அளந்தார், மாடியை எண்ணினார், கையெழுத்துப் போட்டார். "சார், ரிங்கைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். "அது இன்ஜினீயர் வேலைப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்று குழந்தைகள் தூங்குகிறார்கள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. 2024 முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றிலேயே, அதாவது விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதி கொடுத்தால், அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். எங்கள் பகுதியின் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனைகள் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆய்வே குறையும்போது, நடக்கிற ஒன்றிரண்டு ஆய்வாவது தெரிந்தவர் கையால் நடக்க வேண்டாமா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு வருட அனுபவம் பெற்ற ஆய்வாளர் அடுத்த ஒரு வருடத்துக்குள் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு மூன்று வருடத்திலும் மொத்தம் 45 மணி நேரம் பயிற்சி வகுப்பு படிக்கவும் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் என் அக்கா மகன் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அதுபோல இங்கேயும் ஒரு தேர்வு வையுங்கள். எழுத்தோடு நிறுத்தாமல், கட்டிய கம்பியின் முன்னால் நிற்கவைத்துக் கேளுங்கள். கடலோர மண்டலங்களுக்கு வருபவருக்குத் துரு பற்றித் தனிப் பாடம் வேண்டும். சான்றை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் செய்து, கையெழுத்தின் கீழே சான்று எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இப்போது பணியில் இருப்பவர்களுக்கு அவகாசமும், அரசு பாலிடெக்னிக்குகளில் இலவச மாலை வகுப்பும் கொடுங்கள்.

நேரில் அழைத்தால் வருகிறேன். சரியாகக் கட்டிய தூண் ஒன்றையும் தப்பாகக் கட்டிய தூண் ஒன்றையும் கட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கம்பி கட்டும் தொழிலாளி, காசிமேடு.