தங்கவயலின் கொல்லுப்பட்டறைக்கும் ஓர் இடம் கொடுங்கள்

கோலார் தங்கவயலின் பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். தங்கவயல் என்றாலே எல்லோரும் சுரங்கத்தை நடத்திய ஆங்கிலேயக் கம்பெனியான ஜான் டெய்லர் கம்பெனியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1880இல் வந்தார்கள், 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். சரி, எல்லாம் உண்மைதான். அந்தப் பாறையைத் துளைத்த உளிக்கு முனை அடித்துக் கொடுத்தது யார்?

என் கொள்ளுப்பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன கொல்லர். இயந்திரத் துளைப்பான் பரவும்வரை வேலை எல்லாம் கையால்தான். ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். தங்கம் இருக்கும் வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) சில அங்குலம் போவதற்குள் முனையைத் தின்றுவிடும். மழுங்கிய கம்பியெல்லாம் கட்டுக்கட்டாகப் பட்டறைக்கு வரும். உலையில் சிவக்கக் காய்ச்சி, தட்டி முனை எடுத்து, தண்ணீரில் தோய்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. அப்புறம் இரும்பில் ஏறிவரும் நிறத்தைப் பார்க்க வேண்டும். வைக்கோல் மஞ்சள் வந்து, ஊதாவாகி, நீலத்துக்குப் போகும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் கைப்பக்குவம். முந்திவிட்டால் முனை சில்லாகத் தெறிக்கும், பிந்திவிட்டால் மெத்தென்று மடங்கும். கீழே தெறித்தால் அடிபடுவது கம்பி பிடித்தவன்.

இத்தனை செய்தவர் குடியிருந்தது மூங்கில் தட்டி வீட்டில். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரைமார்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று இன்றும் மெச்சிக்கொள்கிறோமே, அது அவர்களுடைய பக்கம் மட்டும்தான். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த ஊரும் இதே ஊர்தான்.

2001இல் சுரங்கம் மூடியபின் மிச்சமிருப்பவை ஒவ்வொன்றாகக் கரைகின்றன. பங்களாக்களைப் புதுப்பியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு வரிசைத் தொழிலாளர் வீடுகளையும் இடிக்காமல் விடுங்கள். பழைய பட்டறைச் சாமான்களை இரும்பு விலைக்கு எடைபோடும் முன்பு துருத்தி, பட்டடை, உளிக்கம்பி என்று கிடைப்பதை எல்லாம் ஒதுக்கி வையுங்கள். அவற்றின் பெயர்ப்பலகையைக் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் எழுதுங்கள். எந்தக் கருவி எதற்கு என்று கேட்டுக் குறிக்க ஆள் தேடி அலைய வேண்டாம். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை இந்த வருஷமே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கவயல் கொல்லர் ஒருவரின் கொள்ளுப்பேரன்