ரேடியேட்டரப் பெருசாக்குறதுக்கு முன்னாடி ஓஸ் போற வழியப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏர்ஷோ வர்ற வருஷமெல்லாம் நம்ம பேப்பர்ல ப்ளேனப் பத்தி நிறைய வரும், எஞ்சின் எவ்வளவு பவரு, எவ்வளவு வேகம், எந்த நாடு வாங்குதுன்னு. ஆசையாத்தான் படிப்பேன். ஆனா எஞ்சின் சூட்ட வெளிய கொண்டுபோற பைப்பப் பத்தி ஒரு வரி வராது. சொந்தமா ப்ளேன் கட்டுற ஆளுங்ககிட்டயும் இதேதான் பாக்குறேன், எஞ்சின் வாங்குறதுக்கு மாசக்கணக்கா யோசிப்பாங்க, புரொப்பெல்லருக்கு அதவிட யோசிப்பாங்க, தண்ணி ஓஸ்ஸ மட்டும் எல்லாம் முடிஞ்சப்பறம் எங்க சந்து இருக்கோ அங்க சொருகுவாங்க. அதப் பத்திதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நான் சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஷிப்யார்ட்ல ரொம்ப வருஷமா பைப் சூப்பர்வைசர். எங்க அக்கா குடும்பம் பெர்த்ல இருக்கு, அத்தான் அங்க ஒரு சின்ன ஏர்ஃபீல்ட் ஹேங்கர்ல ரெண்டு பேர் உக்கார்ற ப்ளேன் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்காரு. ஆஸ்திரேலியாலயும் அமெரிக்காலயும் இதுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு, ப்ளேனோட வேலைல பாதிக்கு மேல கட்டுறவரு தன் கையால செஞ்சிருக்கணும், அப்பதான் எக்ஸ்பெரிமென்டல்னு பதிவு பண்ணுவாங்க. அத்தான் போட்டிருக்கிறது சுபாரு கார் எஞ்சின். படுத்த மாதிரி நாலு சிலிண்டர், உயரம் கம்மி, மூக்குல நல்லா உக்காரும், அதனால ப்ளேன் கட்டுறவங்க நடுவுல ரொம்ப வருஷமா பேர் வாங்கின எஞ்சின் அது.

எஞ்சின கட்டி வச்சு ஓட்டினா தரையிலயே சூடு ஏறிக்கிட்டே போகுது. பக்கத்து ஹேங்கர்காரங்க எல்லாரும் ஒரே வார்த்தை, ரேடியேட்டர் பத்தாது, பெருசு போடு. லீவுல போயிருந்த நான் ரேடியேட்டரப் பாக்கல, ஓஸ் போற பாதைய விரலால தொட்டுக்கிட்டே போனேன். எஞ்சின் தலைமேல இருந்து சுடுதண்ணி வெளிய வர்ற ஓஸ், எஞ்சினத் தாங்குற மவுண்ட் பைப்புக்கு மேல ஏறி வளைஞ்சு அப்புறம் வயித்துப் பக்கம் இருக்கிற ரேடியேட்டருக்கு இறங்குது. அந்த வளைவுதான் சிஸ்டம் முழுசுக்கும் உயரமான இடம், அங்க காத்து வெளிய போக ஒரு வென்ட்டும் இல்ல. கப்பல்ல பைப் போட்ட எந்த ஆளுக்கும் இது ஒடனே கண்ணுல படும், உயரமான எடத்துல வென்ட், தாழ்ந்த எடத்துல தண்ணிய வடிக்க ஒரு டிரெயின், இது ரெண்டும் இல்லாம டிராயிங் எங்க யார்ட்ல தாண்டாது.

அங்க காத்து மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு சொல்றேன். பம்ப் தண்ணியத் தள்ளும், காத்தத் தள்ளாது. ஓட்டம் கொறையும், சிலிண்டர மூடுற ஹெட்டுக்குள்ள ஒரு மூலைல தண்ணி கொதிச்சு ஆவியாகும், அந்த ஆவி இன்னும் கொஞ்சம் தண்ணிய வெளிய தள்ளும். இதுல பயங்கரமான விஷயம் மீட்டர்தான். சென்சர் தண்ணில முங்கி இருந்தாதான் சரியாக் காட்டும், ஆவிக்குள்ள நின்னா கம்மியாக் காட்டும், எஞ்சின் வெந்துகிட்டு இருக்கும்போது முள்ளு நல்ல பிள்ளையா நடுவுல நிக்கும். அதனாலதான் வெப்ப மீட்டர் மட்டும் போதாது, கூலன்ட், அதாவது எஞ்சின ஆத்துற தண்ணி, அதோட பிரஷருக்கும் தனியா ஒரு மீட்டர் வைங்கன்னு சொல்றேன், ஓஸ் விட்டாலோ லீக் ஆனாலோ வெப்பம் ஏறறதுக்கு முன்னாடி பிரஷர் விழும், பைலட்டுக்கு அந்த ஒரு நிமிஷம் கெடைச்சாலும் பெருசு.

நாங்க செஞ்சது இதுதான். எஞ்சினுக்கும் ஆள் உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு, ஃபயர்வால்னு சொல்வாங்க, அதோட மேல்பக்கம் ஒரு சின்ன ஹெட்டர் டேங்க், பிரஷர் மூடி அதுல. எஞ்சின் மேல ரெண்டு பக்கத்துத் தண்ணியும் வந்து சேர்ற கிராஸ்ஓவர் பைப்புல இருந்து ஒண்ணு, ரேடியேட்டரோட மேல்முனைல இருந்து ஒண்ணு, ரெண்டு 6 மி.மீ. வென்ட் லைன், எங்கயும் கீழ இறங்காம ஏறிக்கிட்டே போய் டேங்குல சேரணும். சின்ன சைஸ் போதும், பெருசாப் போட்டா சுடுதண்ணி ரேடியேட்டருக்குப் போகாம அந்த வழியாவே சுத்த ஆரம்பிச்சிடும். டேங்கோட அடில இருந்து 19 மி.மீ. ஓஸ் ஒண்ணு நேரா பம்ப் உறிஞ்சுற வாய்க்கு. அப்படி வச்சா பம்ப்புக்கு எப்பவும் டேங்க் தண்ணியோட அழுத்தம் கெடைக்கும், காத்து தானா மேல போய் டேங்குல நிக்கும். பெரிய ஓஸ்ஸையும் மவுண்ட்டுக்குக் கீழ மாத்திட்டோம். ரேடியேட்டர் அதே ரேடியேட்டர்தான், சூடு நின்னுடுச்சு.

இன்னொரு விஷயம் கார் மெக்கானிக்குங்களுக்கும் தோணாது. அத்தான் ப்ளேன் வால் சக்கரம் வச்சது, தரையில நிக்கும்போது மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும், 12 டிகிரின்னு வச்சுக்கங்க. எஞ்சினோட முன்பக்கம் ஃபயர்வால்ல இருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தா தரையில அது கிட்டத்தட்ட 15 செ.மீ. உயந்திடும். பறக்கும்போது உயரமான இடம் டேங்க், தரையில உயரமான இடம் எஞ்சின் மூக்கு! ஒரு நிலைல மட்டும் வென்ட் பாத்துட்டு விட்டா இன்னொரு நிலைல காத்து ஒளிஞ்சுக்கும். அதனால கூலன்ட் ஊத்தும்போது வாலத் தூக்கி ப்ளேன சமமா வச்சு மெதுவா ஊத்தணும், எஞ்சின ஓட்டி ஆறவிட்டு திரும்ப ஊத்தணும், அப்புறம் வால எறக்கி இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும். கப்பல்லயும் சாய்மானம் பாத்துதான் பைப் போடுவோம், இது எங்களுக்குப் புதுசு இல்ல.

சுபாரு எஞ்சின்ல தனியா ஒரு சிக்கல் இருக்கு. அதுல இஜே வகைல தெர்மோஸ்டாட், அதாவது சூடானா தானா திறக்குற வால்வு, சுடுதண்ணி வெளிய வர்ற பக்கம் கெடையாது, ரேடியேட்டர்ல இருந்து ஆறின தண்ணி பம்ப்புக்குள்ள வர்ற வாயில இருக்கு. அது திறக்கணும்னா அதுமேல சுடுதண்ணி படணும், அந்தச் சுடுதண்ணி கார்ல ஆள் உக்கார்ற எடத்த சூடாக்குற ஹீட்டர் லைன் வழியா வருது. நம்ம ஆளு ப்ளேனுக்கு ஹீட்டர் எதுக்குன்னு அந்த ரெண்டு வாயையும் மூடினா தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் சூடானதே தெரியாது, மூடியே கெடக்கும். ஹீட்டர் வேணாம்னா அந்த ரெண்டு வாயையும் ஒரு ஓஸ்ஸால சேத்து விடணும், மூடக்கூடாது.

ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வாங்குறவங்களுக்கு இந்தத் தலைவலி கம்மி. ஆஸ்திரியாக்காரங்க அத முதல்ல இருந்தே ப்ளேனுக்குன்னு செஞ்சாங்க, சிலிண்டருக்குக் காத்து, ஹெட்டுக்குத் தண்ணி, நாலு ஹெட்ல இருந்தும் ஓஸ் மேல ஏறி எக்ஸ்பான்ஷன் டேங்க்ல சேருது, அந்த டேங்க்தான் சிஸ்டத்துலயே உயரமான எடமா இருக்கணும்னு கம்பெனி மேனுவல்லயே இருக்கு. ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் 5 வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும்னும் சொல்றாங்க, பாக்க நல்லா இருக்குன்னு விடாதீங்க.

கணக்குக்கு வர்றேன். 100 குதிரைசக்தின்னா 75 கிலோவாட். பெட்ரோல்ல இருக்கிற சக்தில தோராயமா மூணுல ஒரு பங்கு வேலையாகுது, ஒரு பங்கு எக்ஸாஸ்ட் புகைல போகுது, ஒரு பங்கு தண்ணிக்கு வருது, அதாவது தண்ணியும் கிட்டத்தட்ட 75 கிலோவாட்டத் தூக்கணும். பாதி தண்ணி, பாதி கிளைக்கால்ங்கிற கெமிக்கல் கலந்த கூலன்ட்டு 10 டிகிரி சூடேறி வெளிய வரணும்னா வினாடிக்கு 2 லிட்டர் ஓடணும். இத 32 மி.மீ. ஓஸ்ல ஓட்டினா சொகமாப் போகும், எடம் இல்லைன்னு 25 மி.மீ. போட்டா அதே ஓட்டத்துக்கு உராய்வு மூணு மடங்குக்கு மேல ஏறும். ஒவ்வொரு கூர்மையான எல்போவும் அதுக்கு மேல. கார் ஓட்டும்போது இந்த அளவு சூடு எப்பவாவதுதான் வரும், ஹைவேல கார் எஞ்சின் பவர்ல கொஞ்சத்ததான் பயன்படுத்துது. ப்ளேன் ஓடுபாதைல முழு பவர் குடுத்து, மெதுவான வேகத்துல, மூக்கத் தூக்கிக்கிட்டு நிமிஷக்கணக்கா ஏறும், சூடு உச்சத்துல இருக்கும்போதுதான் காத்து கம்மி. பெர்த்ல கோடைல 40 டிகிரி சாதாரணம். கூலன்ட் 95 டிகிரில இருக்குன்னா, 15 டிகிரி காத்துக்கு வித்தியாசம் 80, 40 டிகிரி காத்துக்கு 55தான், அதே ரேடியேட்டர் மூணுல ஒரு பங்கு வேலைய இழந்துடும். குளிர்ல ஓட்டிப் பாத்துட்டு முடிஞ்சதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

பெரிய ரேடியேட்டர் தேவைப்படற ப்ளேன் இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா ரேடியேட்டர் முன்னாடி நிக்கிற காத்து முழுசும் அதுக்குள்ளதான் போகுதான்னு பாருங்க, ஓரத்துல விரல் அளவு சந்து இருந்தாலும் காத்து அந்த ஈசியான வழியாப் போயிடும், ரப்பர் பட்டி வச்சு அடைங்க. உள்ள வர்ற வாய் சின்னதா ஆரம்பிச்சு மெதுவா விரியணும், வெளிய போற வாய் அடைபடக் கூடாது. 1942 ஜனவரில சிலேத்தார், காலாங் பக்கமெல்லாம் பறந்த ஹரிக்கேன் போர் விமானத்துக்கும் தண்ணில ஆறுற மெர்லின் எஞ்சின்தான், ரேடியேட்டர் வயித்துக்குக் கீழ. 1903ல ரைட் சகோதரர்களோட முதல் ப்ளேன்ல தண்ணி பம்ப்பே கெடையாது, சார்லி டெய்லர் கட்டின 12 குதிரைசக்தி எஞ்சின், சூடான தண்ணி மேல போகும் ஆறினது கீழ வரும், அவ்வளவுதான். மேல போற வழிய அடைக்காம விட்டதாலதான் அது ஓடுச்சு.

ஓஸ் மாட்டுறதுல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். வெறும் வழவழப்பான அலுமினிய பைப்புல ஓஸ்ஸ ஏத்தி கிளாம்ப் இறுக்கினா அது நிக்காது. 1 பார் அழுத்தத்துல 32 மி.மீ. ஓஸ்ஸ வெளிய தள்ளுற விசை சுமார் 8 கிலோ, அதுக்கு மேல சூடு, அதிர்வு. பைப் முனைல பீட், அதாவது சுத்தி ஒரு சின்ன மேடு, உருட்டணும், ஓஸ் பீடைத் தாண்டி போகணும், கிளாம்ப் பீடுக்குப் பின்னாடி உக்காரணும். சிலிகான் ஓஸ்னா ஓட்டை போட்ட கிளாம்ப் பட்டி அத அறுத்துடும், உள்பக்கம் வழவழப்பா இருக்கிறதா வாங்குங்க. சாதாரண ரேடியேட்டர் ஓஸ் ஈபிடிஎம் ரப்பர், தண்ணிக்கு நல்லது, எண்ணெயும் பெட்ரோலும் பட்டா ஊதிப் போயிடும், அதனால கார்புரேட்டருக்கு அடில ஓட்டாதீங்க. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுல ஆடும், ரேடியேட்டர் உடம்போட சேந்து நிக்கும், நடுவுல முழுக்க கெட்டி பைப் வச்சா ஏதாவது ஒரு வெல்டுல விரியும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஓஸ் விடணும். ப்ளேனுக்குப் போடற ஏஎன் ஃபிட்டிங்க்கு ஃபிளேர், அதாவது பைப் முனை விரியற கோணம், 37 டிகிரி, கார் கடைல கெடைக்கிறது 45 டிகிரி, ரெண்டும் கையால திருகினா சேந்த மாதிரிதான் இருக்கும், கடைசில லீக் ஆகும். எக்ஸாஸ்ட் பக்கத்துல போற ஓஸ்ஸுக்கு மறைப்புத் தகடு கட்டாயம், கிளைக்கால் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேல கொட்டினா தண்ணி பறந்தப்பறம் மிச்சம் தீப்பிடிக்கும். குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்டில்ட் வாட்டர் ஒண்ணும் பெரிய காசு இல்ல.

இத எல்லாம் நம்ம பேப்பருக்கு ஏன் எழுதறேன்னா, நம்ம பிள்ளைங்க நிறைய பேர் பாலிடெக்னிக்லயும் ஐடிஇலயும் ஏரோஸ்பேஸ் படிக்கிறாங்க, சந்தோஷம். எங்கிட்ட யார்டுக்கு வர்ற பசங்ககிட்ட பேசினா கம்ப்யூட்டர்ல காத்து எப்படி ஓடுதுன்னு அழகா காட்டுறாங்க, ஒரு பீட உருட்டிப் பாத்தது இல்ல, ஒரு லைன பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பாத்தது இல்ல. பெத்தவங்களும் பைப் வேலைன்னா அழுக்கு வேலைன்னு நெனைக்கிறாங்க, அது எனக்கு உண்மையிலயே வருத்தம். துவாஸ்லயும் ஜூரோங்லயும் நம்ம ஊர்லேந்து வந்த தம்பிங்க தினம் பண்ற வேலையதான், அந்த ஹேங்கர்ல பல வருஷம் பறந்த ஆளுங்க சுத்தி நின்னு எங்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

மாணவர் பக்கத்துல மாசத்துக்கு ஒருதடவையாவது இந்த மாதிரி கைவேலைக்கு எடம் குடுங்க. வென்ட் லைன் எப்படி ஏறணும், ஹெட்டர் டேங்க் எங்க உக்காரணும், ஓஸ் முனை எப்படி இருக்கணும்னு கையால படம் வரைஞ்சு அனுப்ப நான் தயார், சம்பளம் ஒண்ணும் வேணாம். ஏர் கண்டிஷன் வேலை, கார் வொர்க்‌ஷாப் வேலை தெரிஞ்ச மத்த வாசகர்களும் எழுதட்டும், அவங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாததும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பைப் ஃபிட்டர்,
உட்லண்ட்ஸ்